நல்ல நேரத்தில் செருகிய மெமரி

புதுக் கணினியின் விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரையில் முத்திரை வந்தது, அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டம் போட ஆரம்பித்தன. நானும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எண்ணினோம். ஒன்பது சுற்று. பிறகு புள்ளிகள் அப்படியே நின்றுபோயின. திரை இருண்டு, எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெரிந்தது.

“முடிஞ்சிருச்சா?” என்று மனைவி கேட்டாள்.

“யோசிக்குது” என்றேன்.

இந்தச் சொல் என்னுடையதல்ல. நான் காவல் பணி பார்க்கும் குடியிருப்பில் ஒரு லிஃப்ட், பொத்தானை அழுத்தினால் வெகுநேரம் வராது. கூட வேலை செய்பவர் அதைப் பழுது என்று சொல்லமாட்டார். “யோசிச்சுகிட்டு இருக்குங்க, வந்துடும்” என்பார். ஆட்கள் இப்படிச் சொல்வதையெல்லாம் காதில் வாங்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அதற்குப் பிறகு கற்றதெல்லாம் யாரோ பேசிக் கேட்டதுதான்.

திரை மறுபடி வெளிச்சமானது. முத்திரை. புள்ளிகள். இந்த முறை பதினான்கு சுற்று. மறுபடி இருட்டு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீட்டுக் கூடம். கணினியை நானே கட்டியிருந்தேன். காரணம் மனைவி. அங் மோ கியோவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். அந்தப் பிரிவையே வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டு, ஒரு கேக்கும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதும் வகுப்பொன்றில் சேர்ந்தாள். முடித்ததும் ஒரு சின்ன நிறுவனம் கூப்பிட்டது. திங்கட்கிழமை மூன்று பகுதி சமையல் நிகழ்ச்சி அனுப்புவார்கள், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் தமிழ் வரிகள் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் தொடர்ந்து வேலை. தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள்.

வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியோ, படத்தையும் எழுதும் மென்பொருளையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு நின்றுவிடும். “புதுசு நான் கட்டித் தரேன்” என்று வாயை விட்டேன். வாஷிங் மெஷின் பிரித்திருக்கிறேன், மாடி வீட்டுக்காரரின் மின்விசிறிக்கு உயிர் கொடுத்திருக்கிறேன், இதென்ன பிரமாதம் என்ற நினைப்பு. ரோச்சோர் பக்கம் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடத்தில் ஒரு கடையில் சாமான்களை வாங்கினேன். டிஸ்கில் போட வேண்டியதையெல்லாம் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். மிச்சம் செருகுவதும் முடுக்குவதும்தான்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடுவதில்லை. குளிர்பெட்டிக்கும் வைத்தோம், மாவாட்டும் இயந்திரத்துக்கும் வைத்தோம். தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் வாங்கிய நாள்காட்டி சமையலறைக் கதவில் தொங்குகிறது. ஞாயிறு மாலை மூன்றே கால் முதல் நாலே கால் வரை நல்ல நேரம், நாலரைக்கு ராகுகாலம். எனவே சாமான்கள் அத்தனையையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பித்தளைத் தட்டில் சாய்த்து வரிசையாக நிறுத்தினேன், கல்யாண போட்டோவுக்கு நிற்கும் சொந்தக்காரர்கள் மாதிரி. சந்தனத்தில் பன்னீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினேன். அவசர அவசரமாகப் பூட்டி, கடைசியாக இரண்டு மெமரி பட்டைகளையும் அவற்றுக்கான பள்ளத்தில் ‘டக்’கென்று அழுத்தியபோது மணி நாலு பத்து. ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து முடித்தேன் என்று பெருமை வேறு.

நாலரை மணிக்கு அது ஏழாவது முறையாக இருண்டது.

*

திங்கட்கிழமை மதியம் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. மனைவி தன் கைப்பேசியில் அந்தச் சமையல் நிகழ்ச்சியை ஓடவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். படத்தில் ஒரு மலாய் அம்மா சம்பல் கிண்டிக்கொண்டே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

“கையால எழுதி எப்படிம்மா அனுப்புவ?”

“எழுதி வச்சுக்கறேன். கம்ப்யூட்டர் ஓடினதும் அடிச்சு ஏத்திடலாம்ல.”

அந்த ‘ஓடினதும்’ என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலைப் பணி முடிந்த கையோடு ரோச்சோர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் என் வயதுக்காரச் சீனர். நான் ஆதியிலிருந்து கதை சொல்ல, ஒரு பெட்டியை அறுத்துக்கொண்டே கேட்டார். பிறகு, “அங்கிள், டேக் அவுட் எவ்ரிதிங் லா. ஒன் பை ஒன் புட் பேக். மெமரி ஃபர்ஸ்ட்” என்றார். கிளம்பும்போது, “நியூ கம்ப்யூட்டர் ஆல்சோ காட் டெம்பர் ஒன்” என்று, புதுக் கணினிக்கும் கோபம் உண்டென்பதுபோல் ஆறுதல் சொன்னார். அதை மட்டும் பத்திரமாக மனத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் கழற்றினேன். வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். டிஸ்கை எடுத்து வைத்தேன். விசிறியைத் திருகி எடுத்து மறுபடி முடுக்கினேன். மெமரியிடம் வந்ததும் கை நின்றது.

“அதையும் எடுத்துப் பாருங்களேன்” என்றாள் மனைவி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அது நல்ல நேரத்துல கடைசியா வச்சதும்மா. அதப் புடுங்கினா பூசையவே கலைச்ச மாதிரி. அழுத்திப் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு.”

அவள் எழுதியதை ரப்பரால் அழித்து வேறு ஏதோ எழுதினாள்.

கணினியைப் போட்டேன். ஆறு சுற்று. இருட்டு. மறுபடி போட்டேன். இருபத்தொரு சுற்று! நான் கைதட்டப் போகும் சமயத்தில் இருட்டு. பழுதென்றால் ஒரே மாதிரி பழுதாக இருக்கவேண்டாமா? ஆறுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று புரியவில்லை. ஒரு தாளில் சுற்றுகளைக் குறித்துவைத்தேன். ஒன்பது, பதினான்கு, ஆறு, இருபத்தொன்று, மூன்று. அதைப் பார்த்தால் லாட்டரி எண் மாதிரிதான் இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை தேக்காவுக்குப் போனேன். சந்தைக்கு எதிர்ச்சந்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார், கீழக்கரைப் பூர்வீகம். அவர் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி உண்டு, அது எனக்கென்றே போட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

“செத்துப்போச்சா, கோச்சுக்கிச்சா?” என்பதுதான் அவர் முதல் கேள்வி. எந்த இயந்திரத்துக்கும் அதைத்தான் கேட்பார். செத்ததென்றால் வெளிச்சமே வராது, கோபித்துக்கொண்டதென்றால் வந்து வந்து போகும்.

“கோச்சுக்கிச்சு பாய். வட்டம் சுத்துது, அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்குது.”

“நிமித்தி வச்சிருக்கீங்களா, படுக்கப் போட்டிருக்கீங்களா?”

“நிமித்தித்தான்.”

“படுக்கப் போட்டுப் பாருங்கண்ணே. சிலது நின்னா தலை சுத்தும்.”

கேலியா நிஜமா என்று தெரியவில்லை. அவர் முகத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி பொத்தானை அழுத்தினேன். புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. திடீரென்று நீல வெளிச்சமும், அதில் வரவேற்புச் சொல்லும்!

“வாம்மா, வா வா, வந்து பாரு!”

அவள் நோட்டோடு ஓடி வந்தாள். வரவேற்பு தெரிந்தது. நாங்கள் இருவரும் சிரித்தோம். அவள் நாற்காலியை இழுத்தாள். உட்காருவதற்குள் திரை அணைந்தது. பாதி இழுத்த நாற்காலியை அவள் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்தாள்.

நிமிர்த்தினேன், நாலு சுற்றில் போயிற்று. படுக்கவைத்தேன், வரவேற்பு வரை வந்து போயிற்று. படுத்தால் நடக்கிறது, எழுந்தால் விழுகிறது. இப்படியொரு சீக்கை நான் மனிதனிடமும் பார்த்ததில்லை. மூன்று நாளாகக் குழம்பியிருந்தவன், அன்றைக்கு எதைப் பற்றிக் குழம்புகிறேன் என்பதிலேயே குழம்பினேன்.

*

புதன்கிழமை மாலை மனைவியின் தம்பி புக்கிட் மேராவிலிருந்து வந்தான், கையில் ஒரு பவர் சப்ளை பெட்டியோடு. அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறான். அக்காவின் வெள்ளிக்கிழமைக் கெடு அவனுக்கும் தெரியும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

“அத்தான், இதுக்கெல்லாம் எதுக்குப் பொட்டு? ஃபேன் மேல குங்குமம் பறக்குது பாருங்க.”

“உன் வண்டிக்கு மட்டும் சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வச்ச?”

“அது அம்மா சொன்னாங்க.”

“இது நான் சொன்னேன்.”

பவர் சப்ளையை மாற்றினான். அரை மணி நேர வேலை. போட்டான். ஏழு சுற்று, இருட்டு. தலையைச் சொறிந்தான்.

“மெமரிய எடுத்துத் துடைச்சுப் பாத்தீங்களா அத்தான்?”

“பாத்தாச்சு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. நல்ல நேரத்தைப் பற்றி அவனிடம் சொல்லிக் கிண்டலுக்கு ஆளாக மனமில்லை. நான்கு நாளாகக் கட்டிக்காத்ததை அவன் ஒரு நிமிடத்தில் பிடுங்கிவிடுவானோ என்றும் இருந்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். பிறகு கரண்டி மறுபடி ஓடியது.

“அப்பன்னா மதர்போர்டுதான் கோளாறு. சனிக்கிழம கடைல கொடுத்து மாத்தலாம்” என்றான் அவன்.

“சனிக்கிழமையா?” என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நாங்கள் இரண்டு ஆண்களும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

வியாழக்கிழமை பணி முடிந்து மூன்று மணிக்குக் கதவைத் திறந்தபோது, சாப்பாட்டு மேசையில் கணினிப் பெட்டி படுத்திருந்தது. மின்கம்பி பிடுங்கியிருந்தது. பக்கத்தில் அவளுடைய மேசை விளக்கு, ஒரு பெரிய பூதக்கண்ணாடி, எழுதி முடித்த நோட்டு.

“உக்காருங்க. ஒண்ணு கேக்கறேன், சுருக்கமா பதில் சொல்லுங்க. அந்த மெமரிய ஒரு தடவையாச்சும் வெளில எடுத்தீங்களா?”

“நல்லா அழுத்திப்…”

“எடுத்தீங்களா?”

“இல்ல. நல்ல நேரத்துல…”

“ஏங்க, நாளைக்குப் பன்னண்டு மணி. எனக்கு நல்ல நேரம் அது வரைக்கும்தான்.” குரல் உயரவில்லை. “போதும், இனி வராதேன்னு ஒரு எடத்துல அனுப்பிச்சாங்க. இப்ப ஒருத்தங்க வான்னு கூப்புட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் ஓடலன்னு அவங்களுக்கு நான் எப்படி எழுதறது?”

நான் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“எடும்மா” என்றேன்.

அவள் முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டாள், உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட. இரண்டு பக்கக் கொக்கியையும் கட்டைவிரலால் தள்ளினாள். பட்டை மேலே எழும்பியது. அதன் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்து, விளக்குக்குக் கீழே சாய்த்து, பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். முதல் பட்டையை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங் மோ கியோ தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமும் அவள் செய்தது இதைத்தான். நகக்கண் அளவு சாமான்களின் பொன்முனைகளைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, தேறும் தேறாது என்று பிரிப்பது. அவள் வீட்டுக்கு வந்து கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்தது எனக்கு நினைவிருந்தது. எதைப் பார்த்துக் கழுத்து வலித்தது என்பது மறந்துபோயிருந்தது.

“இதுல என்ன போட்டீங்க?”

“பொட்டு.”

“எங்க?”

“நடுவுலதான் வச்சேன், சத்தியமா.”

“பாருங்க.”

பட்டையின் அடியில் பொன்பற்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஏழெட்டுப் பற்கள்மேல் மஞ்சளாக, காய்ந்த கஞ்சி மாதிரி ஒரு படலம். பன்னீர் கூடிப்போன சந்தனம். தட்டில் சாய்த்து நிறுத்தியிருந்தபோது நடுவிலிருந்து வழிந்து பல்லில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய் நல்ல நேரத்தில் அழுத்தி வைத்திருக்கிறேன்.

“எங்க லைன்ல இப்படி ஒண்ணு வந்திருந்தா அன்னைக்கு மொத்த லைனும் நின்னிருக்கும்” என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கோபமில்லை. வெகுநாள் கழித்து அந்த லைனைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான்.

வசனங்களை அழித்த அதே பென்சில் ரப்பரால் பற்களை ஒரே திசையில் மெல்லத் தேய்த்தாள். மஞ்சள் உருண்டு உருண்டு வந்தது. பள்ளத்துக்குள் இருந்த தூளை, முகத்துக்குப் பவுடர் போடும் புதுப் பிரஷ் ஒன்றால் தட்டி எடுத்தாள்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“திங்கக்கிழமையே எடுத்துப் பாருங்கன்னேன். கடைக்காரரக் கேட்டீங்க, பாயக் கேட்டீங்க, தம்பியக் கூப்டீங்க. அவன்கிட்ட பாத்தாச்சுன்னு வேற சொன்னீங்க. சரி, பாத்திருப்பாருன்னு நானும் ஒரு நாள் நம்பிட்டேன்.” ரப்பர்த் தூளை ஊதினாள். “என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

பட்டைகளைத் திரும்பச் செருகப் போனாள். என் கண் தானாகச் சமையலறைக் கதவுப் பக்கம் போனது.

“காலண்டரப் பாக்காதீங்க.”

பார்க்கவில்லை. டக். டக். மின்கம்பியைச் செருகி, பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பொத்தானை அழுத்தச் சொல்லி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளே அழுத்தினாள்.

முத்திரை. புள்ளிகள். நான் எண்ணத் தொடங்கி ஐந்தைத் தாண்டுவதற்குள் நீல வெளிச்சம், வரவேற்பு, பிறகு ஒரு மலையும் ஏரியும் படமாக வந்து நின்றன. நின்றுகொண்டே இருந்தன. நான் நிமிர்ந்த பெட்டியை லேசாகத் தட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

“அதத் தட்டறத விட்டுட்டு ஒரு டீ போடுங்க. மூணு பகுதி அடிக்கணும்.”

*

மறுநாள் காலை நான் காவல் கூண்டில் இருந்தேன். பதினோரு மணியிலிருந்து கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன வண்டிகளில் இரண்டின் எண்ணைக் குறிக்க மறந்து, பின்னாலேயே ஓடிப்போய் எழுதிக்கொண்டு வந்தேன். பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. “அனுப்பியாச்சு.” வேறொரு சொல் இல்லை. ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்து, ஒரு தடவைக்கு இரண்டு வரி என்பது அவர்கள் வேலையின் விதி. அதற்கு மேல் போனால் ஆள் படிப்பதற்குள் வெங்காயம் கருகிவிடும் என்பாள். அந்த விதியை அவள் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள் என்பது பிறகு போகப் போகத் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வரிகள் நன்றாக இருக்கின்றன, அடுத்த ஆறு பகுதிகளை அனுப்பலாமா என்று கேட்டிருந்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டுக் கணினியை அணைக்காமலே எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சாமி படத்துக்கு முன்னாலிருந்து சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துவந்து, பெட்டியின் வெளிப்பக்கம், பொத்தானுக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள்.

“வெளில வச்சா வேணாங்குதா அது?” என்றாள்.

எனக்கு இன்னும் தீராத குழப்பம் ஒன்றுதான். படுக்கவைத்தால் ஏன் கொஞ்சம் தூரம் ஓடியது என்பதை அவள் விளக்கிவிட்டாள். பட்டை துளி அசைந்து பல் பட்டிருக்கும், அவ்வளவுதான். அது சரி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம், நல்ல நேரமா இல்லையா? நாலு நாள் வேலையைக் கெடுத்தது. கடைசியில் வேலை கிடைத்தும் விட்டது. நாள்காட்டியில் இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவளிடம் கேட்டேன். “அடுத்த ஆறு பகுதி வந்துருக்கு, தள்ளுங்க” என்றாள்.

அந்த வாரம் தேக்காவுக்குப் போனபோது பாய் கேட்டார், “என்னண்ணே ஆச்சு அந்தக் கோவக்கார மெஷினு? படுக்கப் போட்டீங்களா?”

மனைவியின் விதியை நினைத்துக்கொண்டேன். இரண்டே வரி.

“உள்ள சந்தனம் வழிஞ்சிருந்துச்சு பாய்” என்றேன். “வீட்டுக்காரம்மா பாத்துத் துடைச்சாங்க.”

பாய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “சந்தனமா? கம்ப்யூட்டருக்குள்ளயா? அதெப்படிண்ணே?”

நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.